கிலோவுக்கு எட்டு கிராம்

நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் என் மனைவியிடம் நான் மூன்றே மூன்று பொய்கள் சொல்லியிருக்கிறேன். மூன்றும் சூடு ஆறுவதற்குள் பிடிபட்டன. ஆகவே நான்காவது பொய்யை அவசரப்படாமல், நிதானமாக, ஓர் அரசாங்கத் திட்டம் போலத் தீட்டினேன். அரசாங்கத் திட்டங்களுக்கு நேர்கிற கதியே அதற்கும் நேர்ந்தது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடைத் தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளராக முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் 'முள்'. தராசுக்கு நடுவில் நிற்குமே, அந்த முள். 'முள் வருது, முள் வருது' என்று தெருக்கோடி வரை செய்தி ஓடும். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாத் தராசும் உத்தமமாகிவிடும். வீட்டில் என் நிலைமை வேறு. வீட்டில் நான் முள் இல்லை, தட்டு. அவள் எதை வைக்கிறாளோ அந்தப் பக்கம் சாய்வேன்.

எங்களுக்கு ஒரே பையன். நாலு வருடத்துக்கு முன்னால் இரும்புச் சாமான் கடை ஒன்று திறந்தான். ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள். திறப்பு நாளன்று நல்ல கூட்டம். நான் எந்தக் கடைக்குப் போனாலும் பையில் ஒரு கிலோ பித்தளை எடைக்கல் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. சும்மா, ஆசைக்கு, எடுத்து அவன் தராசில் வைத்தேன். ஆயிரத்து எட்டு என்று காட்டியது.

"என்னப்பா இது, கிலோவுக்கு எட்டு கிராம் அடிக்குதே!"

முப்பத்துநாலு வருடமாக வாயில் ஊறிய வாக்கியம். தானாக வந்துவிட்டது. முப்பது பேருக்குக் கேட்டது. ஒருவர் வாங்கிய ஆணியைத் திரும்ப வைத்தார். யாரோ சிரித்தார். பையன் என்னைப் பார்க்கவில்லை, அவன் அம்மாவைப் பார்த்தான். அவளும் பேசாமல் நின்றாள். அவன் தராசின் பிளக்கைப் பிடுங்கினான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை.

அன்று நான் கண்ட இன்னொன்றும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். நாலு வருடம் சொல்லாதவனுக்கு இன்னும் இரண்டு பக்கம் பெரிதில்லை.

தினமும் காலையில் இவள் அவனுக்கு மெசேஜ் அனுப்புவாள். 'சாப்டியாப்பா?' படித்துவிட்டான் என்பதற்கு அடையாளம் விழும். பதில் விழாது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனை மல்லாத்தி வைத்திருப்பாள், இன்னொருவருக்கும் தட்டு வைத்தது போல. எனக்குச் சோறு இறங்காது. ஆனால் சாப்பிட்டுவிடுவேன். மீதி வைத்தால் ஏன் என்று கேட்பாள்.

யோசனையைக் கொடுத்தது போன் கம்பெனிதான். ஒருநாள் எச்சரிக்கை மெசேஜ் வந்தது. 'அம்மா, என் போன் உடைந்துவிட்டது, இது என் புது எண் என்று உங்கள் பிள்ளைகளைப் போல மோசடிக்காரர்கள் செய்தி அனுப்பலாம். நம்பாதீர்கள்.'

மூன்று முறை படித்தேன். வாழ்நாள் முழுக்க மோசடியைப் பிடித்தவனுக்கு, ஒரு மோசடி இவ்வளவு அழகாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாளே போன் கடைக்குப் போனேன். பொத்தான் வைத்த பழைய மாதிரி போன் ஒன்று, புது இணைப்பு ஒன்று. கடையில் இருந்த பெண் விண்ணப்பத்தை நீட்டினாள்.

"மாற்று எண் ஒண்ணு எழுதணும் சார். வேற யாராவது ஒருத்தரோடது."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் உலகத்தில் இரண்டு. ஒன்றை எழுதும் தகுதியை நான் இழந்து நாலு வருடம் ஆகிறது. இன்னொன்றை எழுதினேன். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

போனை ஒளிக்க இடம் தேடினேன். அலமாரியில் இருக்கும் என் எடைக்கல் பெட்டியை இவள் தொடுவதே இல்லை. வெல்வெட்டுக் குழிகளில் பித்தளைக் கற்கள் அளவு வாரியாக உட்கார்ந்திருக்கும். கிலோ கல்லை எடுத்துவிட்டு அந்தக் குழியில் போனைப் படுக்க வைத்தேன். கச்சிதமாக இருந்தது.

முதல் மெசேஜை மொட்டை மாடியில், காய்கிற துணிகளுக்கு நடுவில் நின்று எழுதினேன். 'அம்மா' என்று எழுதப் பொத்தானை எத்தனையோ முறை அழுத்த வேண்டியிருந்தது. என் அம்மா போன பிறகு அந்தச் சொல்லை நான் யாருக்கும் எழுதியதில்லை. எழுத்து இரண்டு முறை தப்பாக விழுந்தது. பொத்தான் சின்னது என்று சொல்லிக்கொண்டேன்.

'அம்மா, போன் உடைஞ்சு போச்சு. இது என் புது நம்பர். நல்லா இருக்கியா?'

கீழே இறங்கி வந்தேன். இவள் நாற்காலியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"என்ன, ஏதாவது மெசேஜா?" என்றேன், எங்கோ பார்த்தபடி.

"ஆமாங்க. பையன். புது நம்பராம்."

"அப்படியா! பரவாயில்லையே."

"பரவாயில்லைதான்," என்றாள். அன்று என் தட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக விழுந்தது.

அதற்குப் பிறகுதான் என் சிறைவாசம் ஆரம்பித்தது. நாலு வருடம் அவனிடம் சொல்ல முடியாததையெல்லாம் இவள் எழுத ஆரம்பித்தாள். நான் மாடியில் நின்று படித்தேன்.

'உங்க அப்பா குளியலறைக் குழாயைப் பாத்துக்கிட்டே இருக்கார். அது சொட்டிக்கிட்டே இருக்கு. ரெண்டு பேரும் ஓய்வு பெற்றவங்க.'

அன்று சாயங்காலமே குழாயைச் சரி செய்தேன். இவள் ஆச்சரியப்படக்கூட இல்லை.

'உங்க அப்பாவுக்குச் சர்க்கரை கூடிப்போச்சு. டீக்கு ரெண்டு கரண்டி போடுறார். கேட்டா ஒண்ணுதான்னு சாதிக்கிறார். ஊர் தராசையெல்லாம் பிடிச்ச மனுஷன், ஒரு கரண்டிக்குக் கள்ளக்கணக்கு.'

சர்க்கரையை விட்டேன். டீ கசந்தது. கசந்தது என்று யாரிடம் சொல்வது? என் பையனிடம் சொல்லலாம் என்றால் அவனாகவும் நானே இருக்கிறேன்.

பிறகு ஒருநாள் இது வந்தது. 'நடக்கப் போனா உங்க அப்பா பத்தடி முன்னாடி போறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முதுகைப் பாத்துக்கிட்டே நடக்கிறேன். முகம் எப்படி இருந்துச்சுன்னு அப்பப்ப மறந்து போகுது.'

மறுநாள் நடக்கப் போனபோது அவளோடு சேர்ந்து நடந்தேன். அவள் நடை எவ்வளவு மெதுவாகிவிட்டது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒருமுறை மட்டும் திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டாள், சரிபார்ப்பது போல.

இருபத்துமூன்றாவது நாள் அந்தக் கேள்வி வந்தது.

'அப்பா மேல இன்னும் கோபமாப்பா?'

இரண்டு மணி நேரம் துணிகளுக்கு நடுவில் நின்றேன். துணிகள் காய்ந்தன. நான் ஈரமானேன். கடைசியில் இப்படி எழுதினேன்.

'இல்லம்மா. அன்னைக்குத் தராசு சரியாத்தான் இருந்துச்சு. மேஜைக்கு ஒரு கால் குட்டை. தராசுல சின்னக் கண்ணாடிக்குள்ள ஒரு குமிழி இருக்கும். தராசு மட்டமா நின்னா குமிழி வட்டத்துக்குள்ள நிக்கும். அன்னைக்கு வெளியில நின்னுச்சு. அப்பா கிளம்பும்போது அதைப் பாத்துட்டார். பாத்தும் சொல்லாம வந்துட்டார். முப்பது பேர் முன்னாடி, முள்ளு தப்புன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. பாவம்மா அவர்.'

அனுப்பிவிட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு கிலோ கல்லை எடுத்து வைத்தது போல இருந்தது. படியிறங்கும்போதுதான் உறைத்தது. நான் குமிழியைப் பார்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும். பையனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

நடுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவள் அன்று ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள். போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"யாருக்குப் போன்?"

"கஸ்டமர் கேருக்கு. இந்தப் புது நம்பர் மேல சந்தேகமா இருக்குங்க. புகார் குடுக்கப் போறேன்."

"எதுக்குப் புகார்? பெத்த பையன் மேலயா?"

"பெத்தவளுக்குத்தானே சந்தேகம் வரணும்?"

ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினாள். நான்கை அழுத்தச் சொன்னார்கள். ஒன்பதை அழுத்தச் சொன்னார்கள். எல்லாவற்றையும் அழுத்திய பிறகு மறுபடி ஒன்றுக்கே கொண்டுவந்து விட்டார்கள். சலிக்காமல் திரும்ப அழுத்தினாள். பிறகு சங்கீதம். நடுவில் ஒரு குரல்: 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது.'

இவள் லேசாகச் சிரித்தாள். "நாலு வருஷத்துல நம்மகிட்ட யாரும் இப்படிச் சொன்னதில்லை, இல்லங்க?"

என்னால் சிரிக்க முடியவில்லை. இருபது நிமிடம் கழித்து ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம்மா, என்ன உதவி வேணும்?"

"என் பையன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் மெசேஜ் அனுப்புறார்மா."

"பணம் கேட்டாங்களா?"

"இல்ல."

"லிங்க் ஏதாவது அனுப்பினாங்களா?"

"இல்லம்மா."

"ரகசிய எண் கேட்டாங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதாம்மா கேக்கறாங்க?"

"சாப்டியான்னு கேக்கறார். மூட்டுவலி தேவலையா, மாத்திரை போட்டியான்னு கேக்கறார்."

"அம்மா, அது உங்க பையனாவே இருக்கலாம் இல்லையா?"

"இல்லம்மா. என் பையன் கேக்க மாட்டான்."

நான் மேஜை விளிம்பைப் பார்த்தேன். அதில் ஒரு கீறல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா," என்றாள் அந்தப் பெண், குரல் தணிந்து. "அந்த நம்பருக்கு இப்பவே சரிபார்க்க ஒரு கால் போகும். லைன்லயே இருங்க."

"வேண்டாம்!" என்றேன்.

"பின்னாடி யாரும்மா?"

"என் வீட்டுக்காரர். அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அலமாரிக்குள் மணி அடித்தது. பித்தளைக் கற்களோடு சேர்ந்து அதிர்ந்ததில், சின்னப் போனுக்குப் பெரிய கோயில் மணியின் கம்பீரம் வந்திருந்தது.

"பக்கத்து வீட்டுல போன் அடிக்குது," என்றேன்.

"பக்கத்து வீடு நம்ம அலமாரிக்குள்ள எப்பங்க குடி வந்துச்சு?"

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, போனை எடுத்து, அவள் முன்னால் வைத்தேன். அது அடித்து ஓய்ந்தது.

"யாரும் எடுக்கலம்மா," என்றாள் அந்தப் பெண். "அந்த நம்பர் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்ல இருக்கிற எல்லா இணைப்பையும் மூணு நாளைக்கு நிறுத்தி வெச்சு விசாரிப்போம். சம்மதமா?"

"என் நம்பரும் போயிடுமே!" என்றேன்.

"சம்மதம்மா," என்றாள் இவள். "நல்லா விசாரிங்க."

போனை வைத்தாள். நாங்கள் இருவரும் அந்தப் பொத்தான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றேன்.

"நீங்க வாங்கின அன்னைக்கே. கம்பெனிலேர்ந்து எனக்குப் போன் வந்துச்சு. உங்க கணவர் புது இணைப்பு வாங்கியிருக்கார், மாற்று எண்ணா உங்க நம்பரைக் குடுத்திருக்கார், சரிதானான்னு கேட்டாங்க. சரின்னேன். அரை மணி நேரத்துல 'அம்மா'ன்னு மெசேஜ் வருது."

"எனக்கு வேற நம்பர் எதுவும்..."

"தெரியும். அதுக்குத்தான் அன்னைக்கு ஒரு கரண்டி கூடப் போட்டேன்."

"பின்ன ஏன் இத்தனை நாள் சொல்லல?"

புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "யாரோ ஒருத்தர் சாப்டியான்னு கேட்டா நல்லா இருந்துச்சு. எதுத்தாப்ல உக்காந்து நீங்க கேக்கறதில்லையே." பிறகு சொன்னாள். "அந்தக் குமிழி மெசேஜை அவனுக்கு அனுப்பிட்டேன். பதில் வந்துச்சு. நாலு வருஷத்துல முதல் பதில்."

"என்னன்னு?"

"'இதை யார் எழுதினது?' அவ்வளவுதான். உங்கப்பான்னு போட்டேன். அப்புறம் ஒண்ணும் இல்ல."

"நானே பேசறேன். போனைக் குடு."

"மாட்டேன். என் போன்லேர்ந்து போறதை அவன் படிச்சுட்டு வெச்சுடறான். உங்க போன் செத்துடுச்சு. நேர்ல போங்க."

கதவுக்குப் பின்னால் பை தயாராக இருந்தது. தண்ணீர், துண்டு, சர்க்கரை மாத்திரை. அடியில் நாலாக மடித்த அட்டைத் துண்டு ஒன்று.

"இது எதுக்கு?"

"மேஜைக் காலுக்கு."

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தேன். மூன்று விதமாக எழுதி, மூன்றையும் மனதுக்குள் கிழித்துப் போட்டேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். பையனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அந்த நரை வந்தபோது நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். சோபாவில்தான். என் முறை வந்தது.

"என்ன வேணும்?" என்றான், எல்லோரையும் கேட்பது போல.

பஸ்ஸில் தயாரித்தது எல்லாம் பஸ்ஸிலேயே போய்விட்டது.

"அரை கிலோ ஆணி. ரெண்டு இஞ்ச்."

அவன் குனிந்து, கட்டித் தயாராக வைத்திருந்த பொட்டலம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். "அம்மா போன் பண்ணாங்க. என்ன பேசறதுன்னு தெரியாம அரை கிலோ ஆணி கேப்பீங்கன்னு."

அட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தேன். கீழே மேஜைக் கால் இல்லை. சிமெண்டில் கட்டிய திண்டு. மேலே தராசு, குமிழி வட்டத்துக்கு நட்ட நடுவில்.

"அந்த மேஜையை அன்னைக்குச் சாயங்காலமே மாத்திட்டேன்," என்றான், யாருக்கோ கீல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே. "சாய்வுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியல. நாலு வருஷமா அதுதான்."

நான் நிமிர்ந்தேன். கடையில் இருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "இந்தக் கடைத் தராசு அன்னைக்கும் சரியாத்தான் இருந்தது. தப்பு என்னோடது."

எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர், "எந்தத் தராசு சார்?" என்றார். இன்னொருவர் சுத்தியலுக்குக் கைப்பிடி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். அவமானப்படுத்துவதற்குக் கிடைத்த கூட்டம் மன்னிப்புக் கேட்பதற்குக் கிடைப்பதில்லை. அந்த முப்பது பேரும் இப்போது எங்கெங்கே இருக்கிறார்களோ.

பையன் துணியை எடுத்தான். தராசைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான். நான் வாசலுக்கு வந்தபோது, "பஸ் அஞ்சரைக்கு," என்றான் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நிழல்ல நில்லுங்க."

வீட்டுக்கு வந்தபோது இவள் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைத்திருந்தாள். பக்கத்தில் வழக்கம்போல மல்லாந்து கிடந்தது போன். நான் முதலில் கைகழுவவில்லை. என் பழைய இரண்டு தட்டுத் தராசை எடுத்தேன். ஒரு தட்டில் அரை கிலோ கல், இன்னொன்றில் பொட்டலத்து ஆணி.

முள் சாய்ந்தது. சின்னக் கற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். குறைந்தது சரியாக எட்டு கிராம். மூன்று ஆணி.

கை தவறி இருக்காது. என் பையன் அவன். எட்டு என்றால் எட்டுதான்.

கொஞ்ச நேரம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கற்களைத் துடைத்து, அதனதன் குழியில் வைத்து, பெட்டியை மூடினேன். கிலோ கல்லையும் அதன் இடத்தில் திரும்ப வைத்தேன்.

"எடை சரியா இருக்காங்க?" என்றாள் இவள்.

நாற்பத்தொரு வருடத்தில் ஐந்தாவது பொய்.

"சரியா இருக்கு," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, இவ்வளவு நேரமும் இணைப்பிலேயே இருந்த போனிடம் சொன்னாள்:

"கேட்டியாடா? சரியா இருக்காம். சண்டைக்கு வருவார்னு பந்தயம் கட்டினியே, தோத்துட்ட. எடுத்து வெச்ச மூணு ஆணியையும் நீயே கொண்டு வந்து குடு."